கயிறு வெளியே தொங்கட்டும்

ஆங்கர் சந்து, வைட்சேப்பல், லண்டன்
10 செப்டம்பர் 1888

ரோடா கண்ணுக்கு,

பாட்டி எழுதுகிறேன். கண் இன்னும் தெரிகிறது, கை இன்னும் தீப்பெட்டி ஒட்டுகிறது, முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ சளி இல்லாமல் இருக்கிறாயா? ஹேஸ்டிங்ஸ் கடல் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கழுத்தை மூடிக்கொள்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். ஆமாம், இன்னொருத்தியும் போய்விட்டாள். நம் சந்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு வீட்டுக் கொல்லையில் கழுத்தறுபட்டுக் கிடந்தாளாம். படுக்கை விடுதியில் கொடுக்கக் காசில்லை என்று வெளியே வந்தவள், விடியும்வரை எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்திருப்பாள். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் ராத்திரியைத் தள்ளுகிறார்கள். அந்தக் கொல்லையைப் பார்க்க மேற்கு லண்டனிலிருந்து தொப்பி வைத்த பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தன் ஜன்னலில் நின்று பார்க்க ஆளுக்கு ஒரு பென்னி வாங்குகிறான். மாடி வீட்டு புருவெட் அம்மாள் என்னிடம் வந்து, "நம்ம ஜன்னல் அந்தப் பக்கம் பாக்கலியேக்கா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். பெரிய உறைபனி வருஷத்தில் என் கெட்டிலை இரவல் வாங்கிப் போய், மூக்கை உடைத்துக் கொண்டுவந்து வைத்தவள் இவள்தான். உடைந்துதான் இருந்தது என்று சத்தியம் செய்தாள். நான் மறக்கவில்லை.

அவளுக்கு இப்போது புதுக் கவலை. நம் தெருக்கதவுக்கு நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் பூட்டு கிடையாது, உனக்குத் தெரியும். கொண்டியில் கட்டிய கயிறு ஓட்டை வழியாக வெளியே தொங்கும். இழுத்தால் கொண்டி தூக்கும், கதவு திறக்கும். ராத்திரியில் கயிற்றை உள்ளே இழுத்துவிடவேண்டும் என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ராத்திரியில் வேலைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் என்று வீடு முழுக்கக் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். அதோடு, சிலநாள் உள்ளே மாடிப்படியில் ஒருத்தி வந்து படுக்கிறாள். இடமில்லாதவள். விடியுமுன் எழுந்து போய்விடுவாள். யார் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

உன் அம்மாவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். ஆற்றுக்குத் தெற்கே ஒரு படகுக்காரனோடு போனாள் என்று போன வருஷமே சொன்னேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் பெயரை என் கடிதத்தில் எழுதமாட்டேன். உன் தம்பி ஃப்ரெடி நெஞ்சு அடைத்துக் கிடந்த ஜனவரியில், அவன் மேலே போர்த்தியிருந்த கம்பளியை உருவிக்கொண்டு போய் ஜின் சாராயக் கடையில் அடகு வைத்தாள். சாம்பல் கம்பளி, ஓரத்தில் சிவப்பு நூல் போட்டு நானே தைத்தது. அவன் அந்த வாரமே போனான். அன்றிலிருந்து அவளோடு ஒரு சொல் பேசவில்லை. செத்தாலும் பேசமாட்டேன்.

பசை காய்கிறது. இன்று முடிக்கவேண்டிய தீப்பெட்டிகள் படுக்கை முழுக்கக் கிடக்கின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாட்டி

---

ஹேஸ்டிங்ஸ்
14 செப்டம்பர்

அன்புள்ள பாட்டிக்கு,

ரோடா எழுதுவது. எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, தூக்கம்தான் இல்லை. உங்கள் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பு கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். சமையற்காரி கார்லண்ட் அம்மாள் பார்க்காதபோது எடுத்தது.

அவள் தினம் காலையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கிறாள். நம் தெருப் பெயர்கள் வரும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். "உங்க ஊருல கதவெல்லாம் இருக்காடி, இல்ல திறந்துபோட்டுத்தான் தூங்குவீங்களா?" என்றாள். சொல்ல என்ன இருக்கிறது? திறந்துபோட்டுத்தானே தூங்குகிறீர்கள்.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். இந்த ஊர்க் கொல்லனிடம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினேன். தடிமனானது, கை கொள்ளாது. மீன் வண்டிக்காரர் ஒருவர் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு வருகிறார், அவர் உங்களிடம் தருவார். உடனே போடச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் தனியாக ஒரு கிழவி, தெருவில் போகிறவன் எவன் இழுத்தாலும் திறக்கிற கதவு. நினைத்தால் எனக்குக் கையிலிருக்கிற தட்டு நழுவுகிறது.

படியில் படுப்பவள் யாராக இருந்தாலும் பாவம்தான். ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சாகவேண்டியதில்லை.

அம்மாவைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். இங்கே வேலைக்குச் சேரும்போது எனக்கு அம்மா இல்லை என்றுதான் எஜமானியிடம் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

வாத்துக் கொழுப்பைச் சூடு செய்து தேயுங்கள். தின்றுவிடாதீர்கள்.

அன்புடன் ரோடா

---

ஆங்கர் சந்து
24 செப்டம்பர்

ரோடாவுக்கு,

உடம்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், சமையற்காரியின் வாய் எப்படி இருக்கிறது? தாழ்ப்பாள் வந்தது. அந்த மீன்காரரோடு மீன் வாசனையும் வந்தது, இன்னும் போகவில்லை. தாழ்ப்பாள் நல்ல கனம். ஜெயிலுக்குப் போடலாம்.

இன்னும் போடவில்லை. கதவுச் சட்டம் உளுத்துப்போய்விட்டது, ஆணி நிற்காது. இரண்டாம் மாடித் தையற்காரர் லெவின்ஸ்கி போட்டுத் தருகிறேன் என்றார். ஆனால் வெள்ளி இருட்டினால் சனி இருட்டும்வரை அவர் சுத்தியலைத் தொடமாட்டார், யூதர்களுக்கு அது ஓய்வுநாள். ஞாயிறு நம் ஓய்வுநாள், நான் தொடவிடமாட்டேன். மற்ற நாளெல்லாம் மிஷினை விட்டு எழுந்திருக்க அவருக்கு நேரமில்லை. நான் என்ன செய்வேன்?

அவருக்கே வேறு தொல்லை. தெருவில் போனால் நிறுத்துகிறார்கள். வெளிநாட்டான், தாடி வைத்திருக்கிறான், பையில் கத்தரிக்கோல் வேறு, போதாதா? "எத்தனை பேர அறுத்தடா?" என்று கேட்டார்களாம். "இன்னிக்கு நாலு கோட்டு" என்றாராம் மனிதர். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்துவிட்டார்கள். இப்போது கத்தரியைக் கடையிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

போலீஸ்காரனும் வந்தான். மீசை முளைக்காத பயல், கிராமத்துப் பேச்சு.

"ராத்திரில யாரு பாட்டி வர்றது, போறது?"

"வீடுன்னா வருவாங்க, போவாங்க தம்பி."

"படியில யாராச்சும் படுக்கிறாங்களா?"

"படியில படிதான் இருக்கு."

அவன் எழுதிக்கொண்டு போனான். புருவெட் அம்மாள் மாடியிலிருந்து முறைத்தாள். முறைக்கட்டும்.

வாத்துக் கொழுப்பைத் தேய்த்தேன். கொஞ்சம் ரொட்டியிலும் தடவினேன், பொய் சொல்லமாட்டேன்.

உன் பாட்டி

---

ஹேஸ்டிங்ஸ்
2 அக்டோபர்

பாட்டிக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

ஒரே ராத்திரியில் இரண்டு பேர். கார்லண்ட் அம்மாள் படித்தபோது நான் வெள்ளிச் சாமான் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் முடிக்கும்வரை ஒரே கரண்டியைத் துலக்கியிருக்கிறேன்.

தாழ்ப்பாள் மேசைமேல்தான் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். சட்டம் உளுத்தது என்கிறீர்கள், ஓய்வுநாள் என்கிறீர்கள். எனக்குப் பத்து வயதில் நீங்கள் சொன்ன சாக்குகளைவிட இவை மோசமாக இருக்கின்றன. யாரோ முகம் தெரியாத ஒருத்திக்காக என்னை அநாதையாக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு இருப்பது நீங்கள் ஒருத்திதான்.

உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். புருவெட் அம்மாளுக்கு நேற்றே எழுதிவிட்டேன். தாழ்ப்பாள் வீட்டில் இருக்கிறது, பாட்டி போடமாட்டேன் என்கிறாள், நீங்களாவது வீட்டு ஆட்களைக் கூட்டிப் போட வையுங்கள் என்று.

ரோடா

---

ஆங்கர் சந்து
9 அக்டோபர்

ரோடாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் எஜமானி வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கட்டும்.

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புருவெட் அம்மாள் கொடி பிடிப்பதுபோல் இறங்கி வந்தாள். வீட்டு ஆட்கள் எல்லோரும் நடையில் கூடினார்கள். "பேத்தியே சொல்றா, அப்புறம் உனக்கென்ன பிடிவாதம்?" என்றாள். அவள் மகள்களைக் காட்டினாள். வயசுப் பெண்கள், ஊறுகாய்த் தொழிற்சாலையிலிருந்து இருட்டியபிறகு வருகிறவர்கள், பயந்து போயிருந்தார்கள். லெவின்ஸ்கி என் முகத்தைப் பார்க்காமல், "போட்டுரலாம்மா, எனக்கும் குழந்தைங்க இருக்கு" என்றார். நான் என்ன சொல்லமுடியும்? என் பேத்தியின் தாழ்ப்பாள், என் பேத்தியின் கடிதம். கெட்டில் விஷயத்தில் தோற்றவள் இதில் ஜெயித்துவிட்டாள்.

வியாழக்கிழமை போட்டார்கள். சட்டத்தில் ஆணி நின்றது. கயிற்றை வெட்டவேண்டாம் என்றேன், அது மட்டும் வெளியே தொங்குகிறது. இழுத்தால் கொண்டி எழும், தாழ்ப்பாள் விடாது. வீட்டு ஆட்கள் வேலைக்குப் போனால் திரும்பி வரும்போது தட்டவேண்டும், தட்டுகிற விதம் ஒன்று பேசி வைத்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி காற்று. கொண்டி ஒருதரம் எழுந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அப்புறம் நின்றுவிட்டது. காற்றுதான்.

உனக்கு நிம்மதியாக இருக்கும். இனிப் படியில் யாரும் இல்லை. பூட்ஸைக் கழற்றித் தலைக்கு வைத்து, அதன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, படி வளைவில் சுருண்டு கிடக்கிறவள் இனி வரமாட்டாள். காலையில் நான் படி கூட்டும்போது சேறு இருப்பதில்லை. நல்லதுதான்.

விரலெல்லாம் பசை. இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

பாட்டி

---

ஹேஸ்டிங்ஸ்
13 அக்டோபர்

பாட்டி,

நீங்கள் நன்றாக இருக்கவேண்டும். அதைச் சொல்லிவிட்டே கேட்கிறேன்.

படியில் படுத்தவள் யார்?

எட்டிப் பார்த்ததில்லை என்று எழுதினீர்கள். பார்க்காதவருக்கு அவள் மணிக்கட்டில் கயிறு சுற்றியிருப்பது எப்படித் தெரியும்?

எனக்கு ஐந்தாறு வயது இருக்கும். உங்களிடம் கொண்டுவந்து விடுவதற்கு முன்னால், அம்மாவும் நானும் ரயில் பாலத்தின் அடியில் சில ராத்திரி படுத்தோம். யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவள் பூட்ஸைத் தலைக்கு வைத்துக்கொள்வாள். என் சின்ன பூட்ஸின் கயிற்றையும் சேர்த்துத் தன் மணிக்கட்டில்தான் சுற்றுவாள். நான் தூக்கத்தில் பூட்ஸைத் தட்டிவிட்டால் அவள் கை என்னைத் தேடி வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் என்னிடம் கேட்டதில்லை.

படகுக்காரன் என்று ஒருவன் உண்டா? எத்தனை நாளாக அவள் அங்கே படுக்கிறாள்? புருவெட் அம்மாளோடு ஏன் அவ்வளவு சண்டை போட்டீர்கள் என்று இப்போது புரிகிறது. எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் அந்தக் கடிதத்தைப் போட்டிருப்பேனா?

காற்றுக்குக் கயிறு இழுக்கத் தெரியாது பாட்டி. இரண்டாம் தரம் பொறுத்து இழுக்கவும் தெரியாது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ரோடா

---

ஹேஸ்டிங்ஸ்
30 அக்டோபர்

அன்புள்ள பாட்டிக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா, கோபமா என்று தெரியவில்லை. கோபமாகவே இருக்கட்டும். எனக்கும் உங்கள்மேல் இருக்கிறது, அதைவிட என்மேல் இருக்கிறது. தாழ்ப்பாள் நான் வாங்கியது.

இங்கே குளிர் வந்துவிட்டது. விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பல் அள்ளும்போது கதவைத் திறக்கிறேன். வெளியே இருட்டைப் பார்க்கிறேன். இந்நேரம் அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புருவெட் அம்மாளின் பெண்களும் பெண்கள்தானே. என்ன செய்யச் சொல்வது என்றே தெரியவில்லை.

மிட்டாய் கொஞ்சம் வைத்திருக்கிறேன். பல் இருக்கிற பக்கமாகப் போட்டுச் சப்புங்கள்.

ரோடா

---

ஹேஸ்டிங்ஸ்
11 நவம்பர்

பாட்டி,

இந்தமுறை வீட்டுக்குள்ளேயே கொலை என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறது. ஒரு பெண், தன் அறையில். முகம் அடையாளம் தெரியவில்லையாம். பெயர் வேறாக எழுதியிருக்கிறார்கள். வேறு பெயர் சொல்லிக்கொள்வது அங்கே புதிதா?

லண்டன் வர எஜமானியிடம் விடுப்பு கேட்டுத் தாருங்கள் என்று கார்லண்ட் அம்மாளிடம் அழுதேன். அம்மாவைத் தேடவேண்டும் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "செத்துப்போன அம்மாவத் தேடவா லீவு கேக்குற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

போய்ப் பாருங்கள் பாட்டி. அவளோடு பேசவேண்டாம். அவளா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

ரோடா

---

ஆங்கர் சந்து
18 நவம்பர்

ரோடா கண்ணுக்கு,

செத்தது அவள் இல்லை. முதலில் அதைப் படித்துக்கொள். அழுது முடித்துவிட்டு மீதியைப் படி.

உன் கடிதம் வருவதற்கு முன்பே போயிருந்தேன். சவக்கிடங்கு வாசலில் கூட்டம். உள்ளே விடமாட்டேன் என்று ஒருவன் நின்றான். நான் பார்க்க வந்தது வேடிக்கை இல்லை, இடது காது மடல் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் சொல் என்றேன். சின்ன வயசில் தோடு மாட்டிக் கிழிந்த காது. அவன் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை அவளோடு இருந்தவனே வந்து அடையாளம் சொல்லிவிட்டான், வயசும் சின்னது, "உன்னோடது இல்லம்மா, வீட்டுக்குப் போ" என்றான். யாரோ ஒருத்தியினுடையதுதானே. அதையும் நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. படுக்கை விடுதிகளில் ஏறி இறங்கினேன். அங்கெல்லாம் வாசலில் ஒருவன் உட்கார்ந்திருப்பான், யாரைத் தேடுகிறாய் என்று கேட்பான். பெயரைச் சொல்லாமல் ஆளைத் தேடமுடியாது. ஹெஸ்டர் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஒரு விடுதிச் சமையலறையில் ஒருத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கிழிஞ்ச காது ஹெஸ்டரா? நீ அவளுக்கு யாரு?"

"அம்மா."

"அவ தனக்கு அம்மா இல்லைன்னுல்ல சொல்லிட்டுத் திரிஞ்சா."

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "ஒரு வீட்டுப் படி இருந்துச்சு, நல்ல படி, யாரும் எழுப்பமாட்டாங்க, இப்ப அதையும் சாத்திட்டாங்கன்னு பொலம்பிட்டிருந்தா. போன வாரம்கூடப் பார்த்தேன், இருமிக்கிட்டு இருந்தா" என்றாள். எனக்கு ஒரு துண்டு மீன் கொடுத்தாள். அதைத் தின்றேன், நிற்கத் தெம்பு இல்லை.

போன வாரம் உயிரோடு இருந்திருக்கிறாள். அவ்வளவுதான் தெரிந்தது. அதற்குமேல் என் கால் வரவில்லை.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. படகுக்காரனைப் பற்றியும் கேட்காதே.

இப்போது ஒன்று செய்திருக்கிறேன். தாழ்ப்பாளை எடுக்கவில்லை, அது மற்றவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு. கொண்டிக் கயிற்றின் உள்பக்க முனையில் லெவின்ஸ்கி மெழுகு நூல் முறுக்கி நீளம் கூட்டிக் கொடுத்தார். அதை நடைச் சுவரில் வளையம் அடித்து என் அறைவரை கொண்டுவந்திருக்கிறேன். படுக்கும்போது முனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறேன். வெளியே யாராவது இழுத்தால் என் கை இழுபடும். எழுந்துபோய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, யார் என்று கேட்பேன். பெண் குரல் என்றால் தாழ்ப்பாளை எடுப்பேன்.

புருவெட் அம்மாள் படியிறங்கி வந்து பார்த்தாள். "ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிப்போட்டுக்கிட்டியே கிழவி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். என் கெட்டிலைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். போய்விட்டாள்.

கண்ணு, நீ தாழ்ப்பாள் வாங்கியது தப்பில்லை. அதை மனசில் போட்டுக்கொண்டு சாமான் உடைக்காதே. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

உன் பாட்டி

---

ஹேஸ்டிங்ஸ்
27 டிசம்பர்

அன்புள்ள பாட்டிக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். என்னுடையது பாத்திரத் தொட்டிக்குள் போனது. கை வெடித்திருக்கிறது, மற்றபடி நலம். புட்டிங்கில் ஒரு துண்டு துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

எஜமானியிடம் சொல்லிவிட்டேன். பண்டிகை அன்று வேலைக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கு ஒரு துணி கொடுத்தாள். என்னிடம் வந்தபோது, "தாயில்லாத பொண்ணு" என்று விருந்தாளியிடம் சொன்னாள். "இருக்காங்கம்மா. லண்டன்ல இருக்காங்க. எங்கன்னுதான் தெரியல" என்றேன். அவள் பாவாடைத் துணியைக் கொடுத்துவிட்டு அடுத்தவளிடம் போனாள். வேலை போகுமா இருக்குமா என்று இன்னும் தெரியவில்லை. அன்று ராத்திரி கார்லண்ட் அம்மாள் என் தட்டில் கொஞ்சம் அதிகமாக இறைச்சி வைத்தாள்.

கயிறு இழுபடுகிறதா பாட்டி? இதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன் ரோடா

---

ஆங்கர் சந்து
3 பிப்ரவரி 1889

ரோடா கண்ணுக்கு,

புட்டிங் வந்தது. கல் மாதிரி இருந்தது, சுடுநீரில் ஊறப்போட்டுத் தின்றேன். வெடித்த கைக்கு இரவில் மெழுகு தேய்த்துக்கொள். உன்னை வேலையில் வைத்துக்கொண்டார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருந்ததில் எனக்குச் சந்தோஷம். அந்தச் சமையற்காரியை நான் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாதியைத்தான்.

இங்கே அந்தக் கொலைகாரனைப் போலீஸ் இன்னும் பிடிக்கவில்லை. இனிப் பிடிப்பார்கள் என்றும் தோன்றவில்லை. ஊதலும் தடியும் வைத்துக்கொண்டு காவலுக்குச் சுற்றிய ஆண்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டியில் வருகிறவர்களும் வருவதில்லை. ஜன்னலுக்குப் பென்னி வாங்கியவன் திரும்பவும் வாடகை பாக்கி வைத்திருக்கிறான். லெவின்ஸ்கியை அடித்தவர்கள் அவரிடமே கால்சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலைக் கொஞ்சம் குட்டையாகத் தையுங்கள் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

கயிறு இழுபடுகிறது. குடித்த மாலுமி ஒருவன் இழுத்தான், கதவு வழியாகவே திட்டி அனுப்பினேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று போலீஸ்காரப் பயல் இழுத்தான், அவனையும் திட்டினேன். மற்றபடி எல்லாம் பெண்கள். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. கீழ்ப்படிகளில் இருவர் மூவர் என்று படுக்கிறார்கள். புருவெட் அம்மாள் அவர்களைத் தாண்டித் தாண்டி இறங்கும்போது திட்டுகிறாள். ஆனால் ஒருநாள் அவர்களுக்குச் சூப் கொடுத்தாள், நான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லவில்லை.

வளைவில் மட்டும் யாரையும் படுக்கவிடுவதில்லை. அங்கே பலகை ஆடுகிறது, விழுந்துவிடுவீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பலகையில் ஒரு குறையும் இல்லை.

போன வியாழக்கிழமை பனியும் மழையுமாகக் கொட்டியது. என் கை ஒருதரம் இழுபட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். எழுந்து போனேன். யார் என்று கேட்கவில்லை. தாழ்ப்பாளை எடுத்தேன்.

நனைந்து போய் நின்றாள். அரை ஆளாகிவிட்டாள். உள்ளே வராமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாசல்ல நிக்காத, குளிர் உள்ள வருது" என்றேன்.

பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கதவில் நிற்கிற யாரிடமும் அதைத்தான் சொல்வேன்.

உள்ளே வந்தாள். படியைப் பார்த்தாள். "ஆளுங்க இருக்காங்களே" என்றாள்.

"வளைவு காலியாத்தான் இருக்கு."

ஏறிப் போனாள். பூட்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இருமல். விடிகிறவரை இருமிக்கொண்டே இருந்தாள். ஃப்ரெடி இருமியது போலவே இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் நான் எழுந்தபோது போய்விட்டாள். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். நீ ஹேஸ்டிங்ஸில் இருக்கிறாய் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். கேட்டிருப்பாள். கொஞ்சநேரம் இருமல் நின்றிருந்தது.

கம்பளி விஷயத்தை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அதை நீயும் தெரிந்துகொள், அவளும் தெரிந்துகொண்டுதான் வருகிறாள். ஆனால் என் அறைக் கதவை இப்போது ராத்திரியில் சாத்துவதில்லை. கயிறு உள்ளே வருவதால் சாத்த முடிவதில்லை.

இன்னொன்று. உன் எஜமானி வீட்டில் பழைய கம்பளி ஏதாவது கழித்துப் போட்டால் கேட்டு வாங்கி அனுப்பு. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஓரம் நான் தைத்துக்கொள்வேன். சிவப்பு நூல் வீட்டில் இருக்கிறது.

எனக்குத்தான். முழங்காலுக்கு.

உன் பாட்டி